பூச்சியை எண்ணும் பொறியும், பசியை எண்ணாத கொள்கையும்

புனே–நாசிக் நெடுஞ்சாலையை ஒட்டிய போசரி தொழிற்பேட்டையில் தானியம் விளைவதில்லை. அங்கு இருப்பவை லேத் பட்டறைகள், வாகன உதிரிபாகச் சிறுதொழில்கள், பிளாஸ்டிக் வார்ப்புக் கூடங்கள். அவற்றில் உழைப்பவர்கள் மராத்வாடாவின் வறண்ட கிராமங்களிலிருந்தும், பீகார், உத்தரப்பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பிம்ப்ரி–சிஞ்ச்வட் பகுதியில் வேரூன்றிவிட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. இவர்களில் பெரும்பகுதியினரின் அடுப்பு எரிவதற்கு ரேஷன் கடையின் கோதுமையும் அரிசியும் முக்கியக் காரணம். பஞ்சாபிலோ ஹரியானாவிலோ கொள்முதல் செய்யப்பட்டு, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் இருந்துவிட்டுத்தான் அந்தத் தானியம் இவர்களின் பைக்கு வந்து சேர்கிறது.

அந்த இடைப்பட்ட காலத்தில் மூட்டைக்குள் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கொள்முதல் விலை பற்றி விவாதம் நடக்கிறது. மானியச் சுமை என்று நிதியமைச்சகம் புலம்புகிறது. விளைந்த தானியத்துக்கும் தட்டில் விழும் சோற்றுக்கும் நடுவே கிடங்கு என்ற ஒன்று இருப்பதும், அங்கு உழைப்பாளி மக்களின் உணவைப் பூச்சிகள் தின்று தீர்ப்பதும் செய்தியாவதில்லை. மழையில் நனைந்து நெல் முளைத்தால் படம் எடுக்க முடியும். மணிக்குள் ஒளிந்து தின்னும் வண்டைப் படம் எடுக்க முடியாது.

மணிக்குள் மறைந்திருக்கும் இழப்பு

அரிசிக் கூன்வண்டு தானிய மணியில் துளையிட்டு, அதில் முட்டையிட்டு, துளையைப் பசை போன்ற ஒன்றால் மூடிவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. தானியத் துளைப்பான் என்ற சிறு வண்டு நெல்லையும் கோதுமையையும் உள்ளிருந்து குடைந்து மாவாக்குகிறது. உடைந்த மணியிலும் மாவிலும் சிவப்பு மாவு வண்டு பெருகுகிறது. அது வெளியிடும் வேதிப்பொருள் மாவுக்குக் காரமான நெடியைக் கொடுக்கிறது. பயறு வகைகளைப் பயறு வண்டும், அரிசியையும் ரவையையும் அந்துப்பூச்சியின் புழுக்களும் பதம் பார்க்கின்றன. நமது வெப்பநிலையில் இவற்றில் பல, ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். மூட்டையின் மேல் வண்டு ஊர்வது கண்ணில் படும் நாளில், உள்ளே பல தலைமுறைகள் தின்று முடித்திருக்கும்.

எடை குறைவது மட்டும் இழப்பன்று. பூச்சிகளில் சில, மணியின் கருப்பகுதியையே முதலில் தின்கின்றன. புரதமும் கொழுப்பும் வைட்டமின்களும் செறிந்திருக்கும் இடம் அது. மிச்சத்தில் பூச்சியின் கழிவான யூரிக் அமிலம் சேர்கிறது. உணவு தானியத்தில் அது கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று நமது உணவுத் தர விதி வரம்பு வைத்திருப்பது இதனால்தான். பால், முட்டை, பருப்பு வாங்கிக் குறையை ஈடுகட்டிக்கொள்ளும் வசதியுள்ள வீட்டுக்கு இது பெரிய பொருட்டல்ல. மாதத்துக்கு நபருக்கு 5 கிலோ தானியத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு, சத்துப் போன மணி என்பது திருடப்பட்ட உணவே.

லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்செய் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, அறுவடை தொடங்கிச் சேமிப்பு வரை தானியங்களில் 4.65 முதல் 5.99 சதவீதம் வரையிலும், பயறு வகைகளில் 6.36 முதல் 8.41 சதவீதம் வரையிலும் இழப்பு நேர்வதாக மதிப்பிட்டது. இவை முழுவதும் பூச்சியால் ஆனவை அல்ல. கதிரடிப்பு, போக்குவரத்து, எலி, ஈரம் அனைத்தும் இதில் அடக்கம். ஆயினும் இத்தனை கோடி டன் விளையும் நாட்டில் ஒவ்வொரு சதவீதமும் எத்தனை தட்டுகளுக்கான சோறு என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாட்காட்டி பார்த்து அடிக்கும் நஞ்சு

இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலும் மாநிலக் கிடங்குகளிலும் பூச்சியை எதிர்கொள்ளும் முறை பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை ஊழியர் மூட்டையில் குத்தூசி செலுத்தி மாதிரி எடுத்து, சலித்துப் பார்க்கிறார். குறித்த இடைவெளியில் மாலத்தியான், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் சுவரிலும் சாக்கின் மேலும் தெளிக்கப்படுகின்றன. பூச்சி தென்பட்டால் மூட்டை அடுக்கைத் தார்ப்பாய் போன்ற உறையால் மூடி, அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை வைக்கிறார்கள். காற்றின் ஈரம் பட்டு அதிலிருந்து பாஸ்பைன் வாயு வெளியேறிப் பூச்சிகளைக் கொல்கிறது.

இந்த முறையில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, சிறு மாதிரி பெரிய அடுக்கின் கதையைச் சொல்வதில்லை. பூச்சிகள் சீராகப் பரவி இருப்பதில்லை; வெப்பமும் ஈரமும் உள்ள மூலைகளில் குவிகின்றன. குத்தூசி அந்த மூலையைத் தொடாவிட்டால் ‘பூச்சி இல்லை’ என்று பதிவாகிவிடும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆபத்தானது. உறையில் கிழிசல் இருந்தாலோ, தரையோடு அது சரியாகப் பொருந்தாவிட்டாலோ, குறித்த நாட்களுக்கு முன்பே உறை நீக்கப்பட்டாலோ வாயுவின் அளவு குறைகிறது. வலுக்குறைந்த பூச்சிகள் மடிகின்றன, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. பாஸ்பைனுக்கு எதிர்ப்புத் திறன் கொண்ட பூச்சிகள் இருப்பதை 1970-களின் தொடக்கத்திலேயே ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உலகளாவிய ஆய்வு கண்டறிந்தது. இந்தியக் கிடங்குகளிலிருந்து எடுக்கப்பட்ட சிவப்பு மாவு வண்டிலும் தானியத் துளைப்பானிலும் வலுவான எதிர்ப்புத் திறன் பதிவாகியுள்ளது. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் மெத்தில் புரோமைடின் பயன்பாடு சுருங்கிவிட்ட நிலையில், மலிவான மாற்று வாயு ஏழை நாடுகளின் கையில் இல்லை. பாஸ்பைன் பயனற்றுப் போனால் பொது விநியோகத்தின் கடைசிக் கேடயமும் போய்விடும்.

நஞ்சின் முதல் இலக்கு பூச்சி. இரண்டாவது இலக்கு தொழிலாளி. பாஸ்பைன் மனிதருக்கும் கொடிய நஞ்சு. அலுமினியம் பாஸ்பைடை அரசும், அரசு நிறுவனங்களும், அங்கீகாரம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் வல்லுநர் மேற்பார்வையில் மட்டுமே கையாள வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருப்பது அதனால்தான். கிடங்குகளில் நீண்டகாலம் தெளிக்கப்பட்டு வந்த டைக்ளோர்வாஸ், 2018-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. அந்த நாள் வரை அதைச் சுவாசித்தபடி மூட்டை சுமந்தவர்களின் நுரையீரலையும் நரம்பையும் யார் பரிசோதித்தார்கள்? தேவை இருக்கிறதா என்று பாராமல் தேதி வந்ததும் தெளிக்கப்படும் ஒவ்வொரு மருந்தும் சுமைப்பணித் தொழிலாளியின் உடலில் எழுதப்படும் கணக்கு.

பொறி என்ன செய்கிறது?

தேதியைப் பார்த்து அடிப்பதற்கு மாற்று, பூச்சியைப் பார்த்து அடிப்பது. அதற்கான கருவிதான் இனக்கவர்ச்சிப் பொறி.

பூச்சிகள் ஒன்றையொன்று அழைப்பது மணத்தால். ஜெர்மனியின் அடால்ப் பூட்டெனாண்ட் ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்து, இத்தகைய முதல் சேர்மத்தின் வேதியமைப்பை 1959-இல் வெளியிட்டார். பின்னர் சேமிப்புத் தானியப் பூச்சிகளின் கவர்ச்சிச் சேர்மங்களும் ஒவ்வொன்றாக அறியப்பட்டன. சிவப்பு மாவு வண்டின் சேர்மம் 1980-இலும், தானியத் துளைப்பானின் சேர்மங்கள் 1981-இலும் இனங்காணப்பட்டன. அந்துப்பூச்சிகளில் பெண் பூச்சி விடும் மணம் ஆணை இழுக்கும். மேற்சொன்ன இரு வண்டுகளிலோ ஆண் வண்டு விடும் மணம் இரு பாலையும் கூட்டும். ஆய்வகத்தில் தொகுக்கப்பட்ட அந்தச் சேர்மம் ரப்பர் துண்டொன்றில் ஊறவைக்கப்பட்டு, பசை தடவிய அட்டைப் பொறியிலோ, குழிப் பொறியிலோ வைக்கப்படுகிறது. கிடங்கில் கட்டம் கட்டமாக இடைவெளிவிட்டு எண்ணிடப்பட்ட பொறிகளை வைத்து, வாரந்தோறும் விழுந்தவற்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதினால் போதும். எந்த மூலையில், எந்தப் பூச்சி, எந்த வாரத்திலிருந்து கூடுகிறது என்பது கண்முன் விரியும். பூச்சியற்ற அடுக்குக்கு மருந்து வேண்டாம். பூச்சி தொடங்கிய அடுக்கை முதலில் மூடலாம். அல்லது அதை முதலில் விநியோகத்துக்கு அனுப்பலாம். வாயு மூட்டம் போட்ட பிறகும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், உறை கசிந்திருக்கிறது அல்லது எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது என்று அறியலாம்.

பொறிக்கு எல்லைகள் உண்டு. அது பூச்சியை ஒழிக்காது, செய்தி சொல்லும். ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிக் கவர்ச்சிப் பொருள் வேண்டும். குளிர்காலத்தில் பூச்சியின் நடமாட்டம் குறைவதால் எண்ணிக்கையும் குறையும். அதை ‘பூச்சி இல்லை’ என்று படிக்கக் கூடாது. கதவோரம் வைத்தால் வெளியிலுள்ள பூச்சியை உள்ளே அழைத்துவிடும். கவர்ச்சித் துண்டைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆகவே பொறி தனியாக வேலை செய்வதில்லை. அதைப் படிக்கத் தெரிந்த, நிரந்தரமாக அங்கேயே பணிபுரியும் ஒரு மனிதர் தேவை. இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

சிகரெட்டுக்கு உண்டு, ரேஷனுக்கு இல்லை

இது ஆய்வகத்தில் தூங்கும் கண்டுபிடிப்பு அன்று. உலகெங்கும் புகையிலைக் கிடங்குகளில் சிகரெட் வண்டைக் கண்காணிக்க இனக்கவர்ச்சிப் பொறிகள் வழக்கமாகத் தொங்குகின்றன. சாக்லெட், பிஸ்கட், மாவு தயாரிக்கும் பெருநிறுவனங்கள் தங்கள் ஆலைகளில் இவற்றை வைத்துப் பதிவேடு பராமரிக்கின்றன. ஏற்றுமதிச் சரக்கில் ஒரு வண்டு கிடைத்தால் கப்பல் திருப்பி அனுப்பப்படும் என்ற அச்சம் முதலாளிக்கு உண்டு. ரேஷன் அரிசியில் வண்டு கிடந்தால் திருப்பி அனுப்பும் உரிமை போசரியின் தொழிலாளிக்கு நடைமுறையில் இல்லை. அவர் புடைத்து, அலசி, வெயிலில் காயவைத்துச் சமைத்துக்கொள்கிறார். ஒரே அறிவியல், வாங்குபவரின் பணபலத்தைப் பொறுத்து அது வந்து சேர்கிறது, அல்லது வராமலே போகிறது.

நம் நாட்டில் அறிவு இல்லாமலில்லை. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ்.மோகன் உருவாக்கிய குத்துப் பொறி எளிமைக்கு இலக்கணம். சுற்றிலும் துளையிட்ட ஒரு குழாய். அடியில் கூம்பு வடிவப் பொறி. தானியத்துக்குள் செருகினால், காற்றை நாடி அலையும் வண்டுகள் துளை வழியே நுழைந்து கீழே விழுந்துவிடும். ஏறி வர முடியாது. கவர்ச்சிப் பொருள் கூடத் தேவையில்லை. வழக்கமான மாதிரி எடுப்பைவிடப் பல மடங்கு கூடுதலான பூச்சியை இது காட்டித் தருகிறது. பயறு வண்டுக்கென ‘இரட்டைப் பொறி’, கிடங்குக்கெனப் புற ஊதா ஒளிப்பொறி, மூட்டை அடுக்குக்கெனத் தனிப்பொறி என்று அதே பல்கலைக்கழகம் ஒரு குடும்பத்தையே உருவாக்கியிருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் பிறந்த இந்தக் கருவிகள் மக்கள் உணவைச் சேமிக்கும் எல்லாக் கிடங்குகளிலும் கட்டாயமாக்கப்படவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

கிடங்கு யாருடையது?

1965 ஜனவரி 14 அன்று உருவான இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் பதுக்கல் வணிகரின் பிடியிலிருந்து தானியத்தை மீட்கப் பொதுக்கிடங்கு என்ற எண்ணம் அன்று முன்வைக்கப்பட்டது. தாராளமயக் காலத்தில் அந்த எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டு வருகிறது. 2005-இல் அதானி குழும நிறுவனத்துடன் போடப்பட்ட 20 ஆண்டு ஒப்பந்தத்தின்படி மோகாவிலும் கைத்தலிலும் பெரும் எஃகுக் குதிர்கள் எழுந்தன. சென்னை, கோவை, பெங்களூரு, நவி மும்பை, ஹூக்ளி ஆகிய இடங்களில் அவற்றின் விநியோகக் கிடங்குகள் அமைந்தன. 2008-இல் தொடங்கிய திட்டம், தனியார் கட்டும் கிடங்குக்கு அரசு வாடகைக்கு உத்தரவாதம் அளித்தது. 2015-இல் சாந்தகுமார் குழு, சேமிப்புப் பணியை உணவுக் கழகம் பிறருக்கு விட்டுவிட வேண்டும் என்றும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகளை மக்கள்தொகையில் 67 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

எஃகுக் குதிர் சாக்குமூட்டையைவிடத் தானியத்தை நன்றாகக் காக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. காற்றுப்புகாத கலனில் பாஸ்பைன் ஒழுங்காக வேலை செய்யும். வெப்பநிலையை அளக்கும் கருவியும் உள்ளே இருக்கும். எதிர்ப்பு எஃகுக்கு அன்று. பூச்சியின் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. சேதம் குறைவு என்று காட்டினால்தான் வாடகையும் ஒப்பந்த நீட்டிப்பும் கிடைக்கும் என்ற நிலையில் உள்ள முதலாளி, தனக்கு எதிரான எண்ணிக்கையைத் தானே எழுதி ஒப்படைப்பாரா? ஒப்பந்தத்துக்கு எடுத்த பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு மருந்தடித்த முறைக்குக் கூலி என்றால், மருந்து வேண்டாம் என்று சொல்லும் பொறியை அது விரும்புமா? பணிப்பாதுகாப்பு இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி, மேலாளரின் கையெழுத்துக்கு மாறான எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதத் துணிவாரா?

தமிழ்நாட்டின் நிலையும் இதிலிருந்து விலகியதன்று. டெல்டாவின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தரும் உதவியாளரும் காவலரும் பருவகாலப் பணியாளர்களாகவே வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஈரத்தோடு ஏற்றப்படும் நெல்லே பூச்சிக்கும் பூஞ்சைக்கும் முதல் அழைப்பிதழ். ஈரத்தை அளப்பவரும், மூட்டையை அடுக்குபவரும், பூச்சியைப் பார்ப்பவரும் அடுத்த பருவத்தில் வேலை இருக்குமோ என்று அஞ்சும் நிலையில், அறிவியல் மேலாண்மை என்பது அறிக்கையில் மட்டுமே வாழும்.

2010 ஆகஸ்டில், கிடங்கில் அழுகும் தானியத்தை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று உச்சநீதிமன்றம் கூறியது. கொள்கை விவகாரத்தில் நீதிமன்றம் நுழைய வேண்டாம் என்று அடுத்த மாதமே அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் பதிலளித்தார். ஆட்சி மாறியது, கிடங்கில் கிடப்பது மக்களின் உணவு என்ற பார்வை இன்னும் வரவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 81 கோடி மக்களுக்கு இலவசத் தானியம் என்று ஒன்றிய அரசு விளம்பரப் பலகை வைக்கிறது. அந்தத் தானியத்தின் தரத்தைக் கண்காணிக்கும் செலவு பற்றி அந்தப் பலகையில் ஒரு வரியும் இல்லை.

புனேயிலிருந்தே தொடங்கலாம்

கவர்ச்சிப் பொருளுக்கு விலை அதிகம், பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு என்று காரணம் சொல்லப்படலாம். அதற்கான விடை போசரியைச் சுற்றியே இருக்கிறது. 1950-இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகம் புனேயின் பாஷானில் உள்ளது. நுணுக்கமான கரிமச் சேர்மங்களைத் தொகுப்பதில் அதன் திறன் உலகறிந்தது. பயிர்ப்பூச்சிகளுக்கான இனக்கவர்ச்சித் தொழில்நுட்பத்தில் ஹைதராபாத்தின் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் அனுபவம் பெற்றிருக்கிறது. பிம்ப்ரியில், போசரிக்கு மிக அருகில், 1954-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் இருக்கிறது. மலிவான பெனிசிலினை நாட்டுக்குத் தந்த அந்த ஆலை, பயிர் நோய்களுக்கான ஆரியோபங்கின், ஸ்ட்ரெப்டோசைக்ளின் ஆகியவற்றையும் தயாரித்தது. உழவருக்கான வேதிப்பொருள் செய்வது அதற்குப் புதிதன்று. அத்தகைய ஆலையின் உபரி நிலத்தை விற்கவும், ஆலையையே தனியாருக்குக் கைமாற்றவும் 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. மருந்து விலையைக் கட்டுக்குள் வைத்த ஒரு பொதுத்துறையின் பெறுமதி, அதன் மனையின் சந்தை மதிப்பாகச் சுருக்கப்பட்டது.

குத்துப் பொறியின் குழாயையும் கூம்பையும் வார்க்கும் கூடங்கள் போசரியிலேயே உள்ளன. ஆய்வகம் சேர்மத்தை வடிவமைக்க, பொதுத்துறை ஆலை அதைத் தயாரிக்க, சிறுதொழில் கூடங்கள் பொறியை வார்க்க, உணவுக் கழகம் உறுதியான கொள்முதல் ஆணை தந்தால், அந்நியச் சரக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை. வார்ப்புக் கூடத் தொழிலாளி செய்த பொறி, அவர் வீட்டு ரேஷன் மூட்டையைக் காக்கும். இதைத் தடுப்பது தொழில்நுட்பம் அன்று. பொதுத்துறை என்றாலே விற்கத்தக்க மனையாகப் பார்க்கும் கொள்கை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. உணவுக் கழகம், மத்திய, மாநிலக் கிடங்குக் கழகங்கள், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆகியவற்றின் எல்லாக் கிடங்குகளிலும், தனியாரிடம் வாடகைக்கு எடுத்தவை உட்பட, கண்காணிப்புப் பொறிகள் கட்டாயமாக்கப்பட வேண்டும். வாராந்திர எண்ணிக்கைப் பதிவேடு தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் நுகர்வோர் குழுக்களும் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். பூச்சி இல்லாத இடத்தில் மருந்து தெளிப்பது நிறுத்தப்பட வேண்டும். வாயு மூட்டப் பணியில் முகக்கவசமும் வாயு அளவிடும் கருவியும் இன்றி எவரையும் ஈடுபடுத்தலாகாது; சுமைப்பணித் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். பாஸ்பைன் எதிர்ப்புத் திறனை நாடு முழுவதும் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும். இவை அனைத்துக்கும் அடிப்படையாக, காலியாகக் கிடக்கும் தொழில்நுட்பப் பணியிடங்களை நிரப்பி, பருவகால, ஒப்பந்தப் பணியாளர்களை நிரந்தரப்படுத்த வேண்டும்.

உணவுப் பாதுகாப்புக்கான போராட்டம் கொள்முதல் விலையோடும் குடும்ப அட்டையோடும் முடிவதன்று. விளைவித்த உழவரின் உழைப்பும், உண்ணும் தொழிலாளியின் உடலும் சந்திக்கும் இடம் கிடங்கு. அந்த இடத்தில் மூட்டைக்குள் எத்தனை வண்டு இருக்கிறது என்பதை அறியும் உரிமை, அந்த மூட்டையைச் சுமப்பவருக்கும் அதிலிருந்து சோறு உண்பவருக்கும் உண்டு. விவசாயிகள் சங்கங்களும் கிடங்குத் தொழிலாளர் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் இந்த ஒரு கோரிக்கையில் கைகோத்தால், எண்ணிக்கையை மறைப்பது அரசுக்கும் முதலாளிக்கும் எளிதாக இராது.